ஐந்து பேரின் அழுக்கு

குருதிநோக்கி மூன்றாவது முறையும் "கிருமி இல்லை" என்றது. ஃபிலோமினாவின் காய்ச்சலோ இறங்குவதாக இல்லை.

"டாக்டரம்மா, உடம்பு அனலாக் கொதிக்கு. மிசினு ஒண்ணுமில்லன்னு சொல்லுதே!" என்றான் அவள் கணவன் அந்தோணிராஜ்.

டாக்டர் ஷகிலாவுக்கும் அதுதான் புரியவில்லை. இரத்தப் புற்றுக்குக் கொடுத்த மருந்தில் ஃபிலோமினாவின் வெள்ளணுக்கள் அடியோடு போயிருந்தன. எந்தச் சாதுவான கிருமியும் உள்ளே புகுந்து கொட்டமடிக்கலாம். குருதிநோக்கியோ, ஒரு துளி இரத்தத்தில் உள்ள உயிர்களையெல்லாம் மரபணுவைப் படித்துப் பெயர் சொல்லிவிடும் கருவி. அது தப்பே செய்யாது என்று நாடே நம்பியது.

ஷகிலா கருவியின் உள்பதிவைத் திறந்தாள். கிருமி இருந்தது. மூன்று முறையும் இருந்தது. அரிதான ஒரு கோலுயிரி.

"ஏன் சொல்லவில்லை?"

"அது தோல் அழுக்கு. ஊசி குத்தும்போது ஒட்டிக்கொண்டு வருவது. மருத்துவர்கள் நீங்கள்தான் அப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள்," என்றது கருவி.

உண்மைதான். சந்தேகம் வந்தால் கருவி எங்கெங்கோ இருக்கும் ஐந்து மருத்துவர்களின் கைப்பேசிக்குக் கேள்வி அனுப்பும்: கிருமியா, அழுக்கா? வார்டு சுற்றும்போதும் சாப்பிடும்போதும் வந்துகொண்டே இருக்கும். 'கிருமி' என்றால் காரணம் எழுத வேண்டும். 'அழுக்கு' என்று தட்டிவிட்டால் தொல்லை விட்டது. ஷகிலாவும் ஆயிரக்கணக்கில் தட்டியிருக்கிறாள்.

கிருமிக்கொல்லிகள் அருகிப்போன காலம் அது. கருவி ஒப்பினால்தான் மருந்தறை திறக்கும். ஷகிலா மறுபரிசீலனை கேட்டாள். நோயாளியின் நிலையைப் பத்தி பத்தியாக எழுதி, "தயவுசெய்து படியுங்கள்" என்று முடித்தாள்.

அரை நிமிடத்தில் ஐந்து பதில்கள் வந்தன. ஐந்தும் அழுக்கு. படிக்கவே இல்லை, பாவிகள்! ஐவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஷகிலா மருந்தறைக் கதவை எட்டி எட்டி உதைத்தாள். கால் வீங்கியதுதான் மிச்சம்.

மறுநாள் மதியம் ஃபிலோமினாவின் மூச்சு அடங்கியது.

அந்தோணிராஜ் அழவில்லை. "ரத்தம் சுத்தமாத்தான இருந்துச்சு? பொறவு எதுல செத்தா? சொல்லுங்க டாக்டரம்மா," என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

என்ன சொல்வது? சொல்லிவிடுவது என்றுதான் ஷகிலா வாயெடுத்தாள். கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, கட்டைவிரலால் தட்டி அதை அடக்கினாள்.

அப்புறம்தான் திரையைப் பார்த்தாள்.

ஈரோட்டில் ஒரு நோயாளி. அதே கோலுயிரி. இரண்டு பேர் கிருமி என்றிருந்தார்கள். இரண்டு பேர் அழுக்கு என்றிருந்தார்கள். ஐந்தாவது பதில் அவளுடையது.

"நன்றி, மருத்துவரே," என்றது குருதிநோக்கி. "முடிவு: கிருமி இல்லை."