உயிரோடு இருக்கலாம்

எதையும் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது காட்டுமிராண்டிகளின் பழக்கம் என்றும், மனிதகுலம் நேற்று மாலை நாலரை மணியோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது என்றும் முனைவர் சு. பொன்னுலிங்கம் அறிவித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. உறவுச் சான்று ஆணையத்தில் அவர் உருவாக்கிய 'நிழலி' என்ற பொறி பொருத்தப்பட்டது நாலரை மணிக்குத்தான்.

சட்டங்கள் எல்லாம் கணினி ஓட்டும் விதிநிரல்களாகிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 'பெற்றவர் முன்னோர், முன்னோரைப் பெற்றவரும் முன்னோர்' என்பது போன்ற வரிகள். யாருக்கு யார் உறவு என்று கேட்டால் நிரல் ஒவ்வொரு ஆளாகப் பொருத்திப் பார்த்து விடை சொல்லும். சில மனுக்களில் சுற்றிச் சுற்றி ஓடி நிற்காமலே போய்விடும்.

நிழலி நிரலை ஓட்டுவதே இல்லை. ஆட்களுக்குப் பதில் அவர்களுடைய நிழல்களை வைத்து நிரலைப் படிக்கும். நிழல் ஆளைவிடப் பெரிதாக இருக்கலாம். சிறிதாக இருக்கக் கூடாது. விதி ஒரு வாசல்: முழு நிழலும் அதில் நுழைந்துவிட்டால் ஆளும் நுழைவான், 'ஆம்'. நிழலின் ஓரம்கூட நுழையாவிட்டால் ஆளும் நுழைய மாட்டான், 'இல்லை'. பாதி நுழைந்தால் 'இருக்கலாம்'. எந்த மனுவுக்கும் ஒரு நொடிக்கு மேல் ஆகாது. பொய் வராது என்பதற்குக் கணித நிரூபணம் உண்டு.

'இருக்கலாம்' மனுக்கள் 'ஆம்' ஆகும்வரை காத்திருக்க வேண்டும். எப்படி ஆகும் என்பதை விதியில் எழுதவில்லை.

நிழலி வரும்வரை சிக்கலான மனுக்களைப் பார்த்துவந்தவர் செண்பகவல்லி என்ற எழுத்தர். ஆளை வரவழைத்து, எதிரே உட்காரவைத்து, "நீங்க யாரு, அவரு யாரு?" என்று கேட்டு எழுதுவார்.

"ஒரு ஆளைத் தெரிஞ்சுக்க அந்த ஆளையே கூப்பிட்டுப் பாக்கறதாம்மா? மாட்டுச் சந்தையா நடத்தறீங்க?" என்றார் முனைவர்.

"நிழல்னு எதை எடுக்குது சார்?"

"இனிஷியலும் பேரும். வயசு, உயிரோட இருக்காரா இல்லையாங்கறதை அந்தப் பேருக்குக் கீழ குறிச்சுக்கும். போதும்."

"எங்க பக்கம் தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்பாங்க சார். இனிஷியலும் அதுவே வந்துரும். பேரன்னாலே பெயரன்தான?"

"இலக்கணம் வேற டிபார்ட்மென்ட்மா."

அந்த வாரமே செண்பகவல்லியின் பதவி ஒழிக்கப்பட்டது. அவர் பழைய கோப்புகளுக்குக் காவலாகப் போனார்.

மூன்றாவது வாரம் முனைவரின் அப்பா சுடலைமுத்துவுக்குக் கல்லீரல் கெட்டது. மகனுடைய ஈரலில் ஒரு துண்டு வைத்தால் பிழைப்பார். பத்து நாளுக்குள் வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். ரத்தம் பொருந்தியது. கொடுப்பவர் உறவினர், அறுபதுக்குக் கீழ், உயிரோடு இருப்பவர் என்ற சான்று மட்டும் வேண்டும். முனைவர் கட்டிலருகே நின்றபடியே மனுவை அனுப்பினார். அரை நொடியில் விடை வந்தது.

உறவு: இருக்கலாம். வயது: 44 முதல் முடிவிலி வரை. நிலை: உயிரோடு இருக்கலாம்.

அப்பா பொ. சுடலைமுத்து. அப்பாவைப் பெற்றவர் சு. பொன்னுலிங்கம், செத்து நாற்பத்தாறு ஆண்டுகள். மகனும் சு. பொன்னுலிங்கம். இனிஷியலும் பேரும் ஒன்று என்பதால் இருவருக்கும் ஒரே நிழல் விழுந்தது. ஆக, சுடலைமுத்து பொன்னுலிங்கத்தைப் பெற்றார்; அந்தப் பொன்னுலிங்கம் சுடலைமுத்துவைப் பெற்றார்; அவர் மறுபடி பொன்னுலிங்கத்தைப் பெற்றார். ஒவ்வொரு தலைமுறைக்கும் வயதில் கால் நூற்றாண்டு ஏறியது. இப்படிச் சுற்றுவதை நிறுத்தத்தான் முனைவர் 'அகட்டல்' என்ற உத்தியைக் கண்டுபிடித்திருந்தார். ஏறிக்கொண்டே போகும் எண்ணைக் கண்டால் நிழலி காத்திருக்காது; முடிவிலி என்று எழுதிவிட்டு நின்றுவிடும். அதற்கு அவருக்கு விருதும் கிடைத்திருந்தது.

"என்னய்யா சொல்லுது உம்ம மெசினு?" என்றார் அப்பா. தன் தகப்பன் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று மகனைப் பிறந்த நாள் முதல் அவர் 'அய்யா' என்றுதான் கூப்பிட்டார்.

"நான் உயிரோட இருக்கலாமாம்ப்பா."

"நல்ல வாக்குதான." சிரிப்பு இருமலானது. "எங்க அய்யாட்ட ஈரல் கேக்கேன்னு நெனச்சிட்டோ? அவரு வெத்தலக் காம்பு கூட குடுக்க மாட்டாருல்லா."

முனைவர் வெளியே வந்து ஆணையரை அழைத்தார்.

"சார், நான் உயிரோட இருக்கேன்."

"யாரு இல்லேன்னா? நிழலியும் மறுக்கலையே. இருக்கலாம்னுதான சொல்லுது."

"நேர்ல வரேன். என்னைப் பாருங்க."

"பாத்து என்ன பண்றது? ஆளைப் பாத்து எழுதுற பதவியை எடுக்கச் சொன்னதே நீங்கதான. மாட்டுச் சந்தைன்னீங்க. ஆர்டர்லயே அந்த வார்த்தை இருக்கு, முனைவரே."

நிழலில் பிறந்த தேதியைச் சேர்த்தால் தீர்ந்துவிடும். ஆனால் நிழலை மாற்றினால் நிரூபணத்தை மறுபடி எழுத வேண்டும். நிரூபணம் இல்லாத நிழலி சட்டப்படி செல்லாது. அதை எழுத மூன்று வாரம் ஆகும். முனைவர் தூங்காமல் எழுதினார். எட்டாம் நாள் அப்பாவுக்கு நினைவு தப்பியது. பதினோராம் நாள் இறந்தார்.

பதிவேட்டில் இறப்பு ஏறிய அதே நொடியில் மனுவுக்கு முடிவான விடை வந்தது: 'இல்லை'. ஈரலைப் பெற்றுக்கொள்ள ஆள் உயிரோடு இல்லை. சரியான விடை. நிழலி ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

காரியம் முடிந்த மறுநாள் முனைவர் மொட்டைத் தலையோடு ஆணையத்துக்கு வந்தார். நடைகூடம் முழுக்க 'இருக்கலாம்' சீட்டோடு ஆட்கள். நேராகக் கோப்பறைக்குப் போனார். செண்பகவல்லி எழுந்து நின்றார். அவரிடமிருந்து ஒரு பென்சிலை வாங்கிக்கொண்டு நடைகூடத்துக்குத் திரும்பி வந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்து, முன்னால் நின்றவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"உங்க பேரு?"

"வே. ஆறுமுகப்பெருமாள்."

"தாத்தா பேரா?"

"ஆமாங்க."

"அவரு இருக்காரா?"

"அவரு போயி முப்பது வருசமாச்சுங்க."

முனைவர் நிமிர்ந்து அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீட்டின் ஓரத்தில், 'நேரில் பார்த்தேன். உயிரோடு இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.