அரிசி டின்னில் இருந்த டேப்

காய்ந்த அரிசிக்குள் புதைத்து வைத்திருந்த டேப் ஈரமாக இருந்தது. செலின் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி நீர் கோத்தது. முகர்ந்து பார்த்தாள். கடல் வாடை.

துறைமுக ஆபீஸ் கணிப்பொறியின் நகல் டேப்பை, ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காதிருக்க, எதிர்க்கரை பாம்பூஃப்ளாட் வீட்டு அரிசி டின்னில் வைப்பது அவள் புருஷன் வியாகுலத்தின் யோசனை. மாலையில் படகில் கொண்டுபோவான். காலையில் திரும்பக் கொண்டுவந்து அதன்மேலேயே புது நகல் எடுப்பான். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை டேப்பை வீட்டிலேயே மறந்து கிளம்பினான். அவன் போன டிங்கிப் படகு கவிழ்ந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு நின்றவளுக்கு அவன் வேலையையே கொடுத்தார்கள். அவன் கை கடைசியாகப் பட்ட டேப்பை அழிக்க மனசு வராமல், தினமும் நகல் எடுப்பதாகப் பொய் சொல்லியே காலம் தள்ளினாள் பாவி.

இன்று ஆபீஸ் மெஷின் படுத்துவிட்டது. டேப்பைக் கொண்டுவந்து நீட்டி உண்மையைச் சொன்னாள்.

“போன மழைக்காலத்து டேப்பா? நாசமாப் போச்சு!” மேலாளர் கோவிந்தராஜ் தலையில் அடித்துக்கொண்டார். “இத ஏத்துனா எல்லாம் அந்த நாளுக்குப் போயிடும். அதுக்கப்புறம் வந்தது ஒண்ணும் மிஞ்சாது. சரி, ஜல்தி ஏத்து. நாளைக்குக் கப்பல்ல மெயின்லேண்ட் சாஹிப் வர்றார். மெஷின் ஓடலன்னா உன் நௌக்ரி காலி.”

அவர் படகுக்கு ஓடினார். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. தகரக் கூரையில் மழை கொட்ட, சூடேறிய மெஷினின் எரிந்த ரப்பர் வாடையும் டேப்பின் உப்பு வாடையும் கலந்து தொண்டையை அடைக்க, ஜன்னல் கம்பியில் கட்டிய தூளிக்குள் நாலு மாத ரீத்தா விரல் சூப்பும் சத்தம் மட்டும் செலினுக்குத் தைரியமாக இருந்தது.

டேப் சுழன்றது.

விரல் சூப்பும் சத்தம் தேய்ந்தது. தூளி மெலிந்தது. கண் மயக்கமா? சுவரில் அதன் நிழலும் மெலிந்தது.

மாதாவே! சுவிட்சுக்குக் கை போனது.

படியில் ஈரக் கால் சத்தம். ஒரு இருமல். அவனுடைய இருமல்.

கை நின்றது. ஒரு கணம்தான்.

சூப்பும் சத்தம் நின்றது. டேப்பும் நின்றது.

“டேப்ப மறந்துட்டேன் ஏட்டி,” என்றான் வியாகுலம். சட்டைக் கையிலிருந்து கடல் வடிந்தது. தட்டையாக ஆடிக்கொண்டிருந்த தூளியை விரித்துப் பார்த்தான். உள்ளே ஒரு பிடி ஈர அரிசி.

“தொட்டில் யாருக்கு ஏட்டி கெட்டியிருக்க?”

பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

பெயர் வரவில்லை.