காலியாக இருந்த எண்

புது வேலையில் சேர்ந்த அன்று வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. குளிர்பதனக் கிடங்கின் கணினி அறைக்குள் காலை வைத்ததும் அவளுக்குப் பல் தந்தியடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று உறைபனி அறைகள். மீன் நாற்றம் என்று சொல்ல முடியாது; உப்பும் இரும்பும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"பழகிடும்மா," என்றார் மேலாளர். "இந்த மெஷின்தான் மூணு கதவையும் பாத்துக்குது. யூனிக்ஸ். வருஷக்கணக்கா நிறுத்தினதே இல்ல. நிறுத்தினா சரக்கு உருகி என் வேலை போயிடும்."

"கதவுக்குச் சாவி கிடையாதா சார்?"

"எதுக்குச் சாவி? உள்ள போனவங்க வெளிய வரணும்னா, சுவத்துல இருக்கிற பலகையில அவங்க நம்பரை அழுத்தணும். மெஷினுக்கு வேண்டுகோள் வரும், அது திறந்து விடும். உங்களுக்கு நாப்பத்தொண்ணு. காலியா இருந்துச்சு, குடுத்துட்டேன்."

"காலியாவா? யாரோடது சார் அது?"

"முன்னாடி ஓர் ஆபரேட்டரம்மா இருந்தாங்க," என்றவர், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் போனவரின் எண்ணை வந்தவருக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். பெயரெல்லாம் மனிதர்களுக்காக ஒட்டிய சீட்டு. கணினிக்கு எண்தான் ஆள். பெயரை அழித்தாலும் அந்த எண்ணுக்குச் சொந்தமானதெல்லாம் உள்ளேயே கிடக்கும். அடுத்து அந்த எண்ணை வாங்குகிறவர் தலையில் மொத்தமாக விடியும். சொல்லியிருக்க வேண்டும். சேர்ந்த அன்றே வாய் காட்டுவானேன் என்று பேசாமல் இருந்துவிட்டாள். வாயுள்ளவள், பிழைக்கத் தெரியாதவள் என்று பழைய இடத்தில் வாங்கிய பட்டம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

நினைவகத்தைக் கண்காணிக்கும் கட்டளையைத் தட்டினாள். மூச்சு விட்டு மூச்சு விட்டு ஒவ்வொரு வரியாகத் திரையில் இறங்கும்: எத்தனை வேலைகள் காத்திருக்கின்றன, நினைவகத்தில் எவ்வளவு இடம் மிச்சம், இடம் போதாமல் ஹார்ட் டிஸ்க் வட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது. வட்டில் இருக்கும் அந்த இடத்தை அவள் பரண் என்பாள். சமையல் மேடையில் இடம் இல்லையென்றால் பாத்திரத்தைப் பரணில் போடுகிறோம், வேண்டும்போது எடுக்கிறோம். ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அடுப்பு எப்போது பற்றுவது?

முதல் வரியைப் பார்த்ததும் கை நின்றது.

அந்த முதல் வரி இந்த நேரத்துக்கானது அல்ல. கணினியைப் போட்ட நாளிலிருந்து இன்றுவரையிலான சராசரி. புதிதாகப் படிக்கிறவர்கள்தான் அதைப் பார்த்துப் பதறுவார்கள். ஆனால் இந்த வரியைப் பார்த்தால் கைதேர்ந்தவர்களும் பதறத்தான் செய்வார்கள். எப்போதோ ஒரு காலத்தில் இந்த இயந்திரம் பரணில் ஏறி இறங்கியே சாகக் கிடந்திருக்கிறது. அடுத்தடுத்த வரிகளில் எல்லாம் பூஜ்யம். சலனமே இல்லை.

"என்ன மேடம், மெஷின் முதல் நாளே மிரட்டுதா?"

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கணவர் வாசலில் நின்றார். கிடங்கின் குளிரூட்டி மெக்கானிக். இந்த வேலையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"ஏங்க, முன்னாடி இருந்த ஆபரேட்டரம்மா எங்க போனாங்க?"

அவர் பையில் எதையோ தேடினார். "வேலையை விட்டுட்டாங்க."

"உங்களுக்குப் பொய் சொல்லவே வரலைங்க."

"வந்து சொல்றேன். மூணாம் ரூம்ல உள்பக்கத்துக் கைப்பிடி உடைஞ்சு கிடக்கு, மாட்டிட்டு வந்துடறேன்."

"கோட்டு?"

"ஒரு திருகாணி முடுக்க கோட்டு எதுக்கு?"

போய்விட்டார். கனத்த கதவு சாத்தும் சத்தம் சுவர் வழியாக அவள் முதுகுக்கு வந்தது.

திரையில் பூஜ்யங்கள் போயின.

காத்திருக்கும் வேலை ஒன்று. அடுத்த வரியில் ஒன்பது. அதற்கடுத்து நாற்பதுக்கு மேல். மிச்ச இடம் ஓட்டைக் குடமாக ஒழுகியது. பரணுக்கு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. வட்டு அடித்தொண்டையில் கரகரத்தது.

யார் இப்படித் தின்கிறார்கள் என்று ஓடும் வேலைகளை வரவழைத்துப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே வேண்டுகோள். மூன்றாம் அறை, திற. மூன்றாம் அறை, திற. மூன்றாம் அறை, திற.

எல்லாமே அவள் பெயரில்.

அவள் விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வரிசை நீண்டுகொண்டே போனது. அதன் வாலில் ஒன்றே ஒன்று மட்டும் வேறு பெயரில் இருந்தது. அவள் கணவர் பெயரில்.

மூன்றாம் அறை, திற.

நடைபாதையில் விழுந்தடித்து ஓடினாள். வெளிப்பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள், குத்தினாள். கதவு அசையவில்லை. காதை வைத்துக் கேட்டாள். உள்ளிருந்து தட்டும் சத்தம். படபடவென்று, மெக்கானிக்கின் கனத்த கை. "ஏங்க! இருங்க, திறக்கிறேன்!"

அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொன்றும் கேட்டது.

மெதுவாக. களைத்துப்போய். தட்டித் தட்டி ஓய்ந்த கை தட்டுவதுபோல.

மேலாளர் மூச்சிரைக்க வந்து நின்றார். கதவைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. "ஐயையோ... போன தடவையும் இதே ரூம்தான்."

"போன தடவையா? சொல்லுங்க சார்!"

"அந்த ஆபரேட்டரம்மா... உள்ள மாட்டிக்கிட்டாங்க. நம்பரை அழுத்திக்கிட்டே இருந்திருக்காங்கம்மா. மெஷின் திணறிப்போய் ஒண்ணையும் எடுத்துக்கல. நாங்க பாக்கும்போது விரல் பலகையிலேயே..." அவர் சட்டென்று திரும்பினார். "பட்டறையில வெட்டுற மெஷின் இருக்கு. கொண்டு வர்றேன்."

"கோட்டுகூட போடாம போயிருக்கார் சார்! ஓடுங்க!"

அவள் திரும்ப ஓடிவந்து உட்கார்ந்தாள். பயத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? என் பெயரில் ஓடுவதையெல்லாம் கொல் என்று தட்டினாள்.

திரை கறுத்தது.

அடிப் பாவி! அவள் உட்கார்ந்திருப்பதும் அதே பெயரில்தானே? தன்னையே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டாள். மறுபடி உள்ளே நுழையக் கடவுச்சொல் கேட்கவே அந்தத் திணறும் இயந்திரத்துக்கு ஒரு யுகம் ஆயிற்று. நுழைந்து பார்த்தால் வரிசை பழையபடி முளைத்திருந்தது. முளைக்காமல் என்ன செய்யும்? உள்ளே அழுத்துகிற கை இன்னும் அழுத்திக்கொண்டுதானே இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் கனத்த கையின் தட்டல் மெதுவாகிவிட்டது.

"கடவுளே, அவரை விட்டுடு," என்று வாய்விட்டே அழுதாள். அழுதபடியே வரிசையின் தலைக்குப் போனாள். முதலாவதாக நின்ற வேண்டுகோள் மட்டும் கொன்றபோதும் சாகாமல் அப்படியே இருந்தது. அது தொடங்கிய தேதி இன்றைய தேதி அல்ல. போன வருடத்தது. சில வேலைகளைக் கொல்ல முடியாது. எதற்காகக் காத்திருக்கின்றனவோ அது கிடைத்தால்தான் எழுந்து போகும். இது பரணில் கிடக்கிறது. இறங்கி வர மேடையில் இடம் இல்லை. இது போகாமல் பின்னால் நிற்பவர் யாருக்கும் வழி இல்லை.

அப்படியென்றால், மற்ற எல்லாவற்றையும் அசையாமல் உறையவைக்க வேண்டும். அவள் கணவரின் வேண்டுகோளையும் சேர்த்து.

விசைமேல் விரலை வைத்தாள். அவர் கேட்டதைத் தன் கையாலேயே நிறுத்தி, அந்த ஆபரேட்டரம்மாவை முதலில் அனுப்புவதா?

தட்டல் நின்றது.

"நீங்க முன்னாடி போங்கம்மா," என்று கிசுகிசுத்தாள். "போங்க. அவரை மட்டும் குடுத்துடுங்க."

கட்டளையைத் தட்டினாள். எல்லாம் உறைந்தன. மிச்ச இடம் மளமளவென்று ஏறியது. பரணிலிருந்து ஒன்றே ஒன்று இறங்கியது. அவள் பெயரில்.

சுவருக்கு அந்தப் பக்கம் தாழ் விலகும் சத்தம்.

நாற்காலியைத் தள்ளினாள். அவள் எழுவதற்குள் நடைபாதையில் தடுமாறும் காலடி கேட்டது. அவரே வந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்து, புருவத்தில் பனி. அவள் தாவிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, தன் சால்வையைப் போர்த்தி, அவர் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையுமாக என்னென்னவோ உளறினாள்.

"நல்ல நேரத்துல வந்தே," என்றார் அவர், பல் கிடுகிடுக்க. "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. நீ மட்டும் உள்ள வந்து என் கையைப் பிடிச்சு இழுக்கலேன்னா..."

"நான் எங்கங்க உள்ள வந்தேன்? கதவு திறந்தப்போ இந்த நாற்காலியிலதானே இருந்தேன்."

"விளையாடாத. கதவுவரைக்கும் கூட்டிட்டு வந்து, போங்க, இதோ வர்றேன்னு சொன்னியே."

மேசையில் இருந்த போன் அடித்தது. அவள் எடுத்தாள். வாயிற்காவலரின் உரத்த குரல் அறை முழுவதும் கேட்டது.

"மேலாளர் சாருங்களா? புதுசா சேர்ந்த அம்மா வாசல் கேட் பக்கம் நிக்கிறாங்க சார், திறக்கச் சொல்லி. நம்பர் கேட்டேன், நாப்பத்தொண்ணுன்னு சரியாச் சொன்னாங்க. முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு, பாவம், குளிர்ல நடுங்குறாங்க. வெளிய விடட்டுமா?"

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பொத்தியிருந்த அவள் கையைப் பார்த்தார். அந்த அறையின் குளிரில் அதுவும் ஜில்லென்றுதான் இருந்தது. மெல்ல விடுவித்துக்கொண்டார். நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார்.

"நான்தாங்க," என்றாள் அவள். "ஏங்க, நான்தான்."

அவர் எட்டி அவள் கையிலிருந்த போனைப் பறித்தார்.

"வெளிய விட்டுடாதீங்க," என்றார், அவளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அவளைச் சீக்கிரம் இங்க கூட்டிட்டு வாங்க. அவதான் என் பொண்டாட்டி."