கண்ணாடி மூடிக்குள் பனி

பொம்மை விமானத்தில் விமானி உட்காரும் இடத்தின் மேல் அந்தச் சின்னக் கண்ணாடி மூடியை ஒட்டி ஒரு மணி நேரமாகியிருந்தது. உள்பக்கம் பனி பூத்திருந்தது. பசையின் ஆவி பட்டால் மூடி வெளுக்கும் என்பது எலியாஸுக்குத் தெரியும். ஆனால் அப்படி வெளுத்தது திரும்பத் தெளியாது. இது தெளிந்தது. மறுபடி பூத்தது. மூக்குக் கண்ணாடியில் வாயால் ஊதினாற்போல, வட்டமாக.

உள்ளே விரல்நகம் அளவு விமானி பொம்மை ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

திருத்தணித் தெருவெல்லாம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம். மலைக்குப் போகிற காவடிகளின் சாமந்தி வாசனையும் கற்பூரமும் வேர்வையும் ஜன்னல் வழியே வந்து பசையின் நெடியோடு கலந்தன. பம்பைச் சத்தத்தில் மேசைமேலிருந்த கத்திகூட நடுங்கியது. மனைவி ஆனி அரக்கோணத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவனும் ஒன்பது வயது மகள் ஜெமிமாவும்தான்.

போன மாதம் அப்பா இறந்த பிறகு பரணை ஒழித்தபோதுதான் இந்தப் பொம்மை விமானம் கிடைத்தது. கூடவே அந்த இரும்பு டிரங்குப் பெட்டியும். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் துபாய் மாமா கொண்டுவந்த விமானம். அதன் அட்டைப்பெட்டிமேல் ‘சைமன்’ என்று அண்ணனின் கையெழுத்து. உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டியது அவன்தான். இறக்கை ஒட்டுவதற்குள் செத்துப்போனான்.

ஒளிந்து விளையாடும்போது டிரங்குப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டான், கொண்டி தானாக விழுந்துவிட்டது என்று ஊர் நம்பியது. கொண்டியைப் போட்டது எலியாஸ். விமானத்தைத் தொடவிடவில்லை என்ற ஆத்திரம், கொஞ்ச நேரம் கிடக்கட்டுமே என்ற நினைப்பு. “டேய் எலி, தெறடா” என்று ஒரு தடவை கேட்டது. அன்றும் ஆடிக் கிருத்திகை. அப்புறம் பம்பைதான் கேட்டது. அவனும் காவடி பார்க்கத் தெருவுக்கு ஓடிவிட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எலியாஸுக்குக் குறுகுறுத்தே பாதி ஆயுசு போய்விட்டது. விமானத்தை முடித்துக் கல்லறையில் வைத்தால் அண்ணன் மன்னிப்பான் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான்.

இப்போது பனி வேகமாகப் பூத்தது. தெளிந்தது. பூத்தது. குனிந்து பார்த்தான். பனியின் நடுவே ஒரு கோடு விழுந்தது. உள்ளேயிருந்து.

பிறகு மெதுவாயிற்று. இன்னும் மெதுவாக. மூடி தெளிந்து, அப்படியே நின்றது.

வீடு அமைதியாக இருப்பது அப்போதுதான் உறைத்தது.

“ஜெமிமா!”

மூடியை ஒட்டும்போது வந்து கேட்டிருந்தாள்: “நைனா, ஒளிஞ்சி விளையாடலாமா?”

“நீ போய் ஒளிஞ்சிகினு இரு. இத ஒட்டிட்டு வரேன்.”

அது ஒரு மணி நேரத்துக்கு முன்னால். பின்அறையில் இறக்கி வைத்த டிரங்குப் பெட்டியைத் தொடாதே என்று சொல்லி வைத்திருந்தான். தொடாதே என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்?

பின்அறைக்கு ஓடினான். கொண்டி விழுந்திருந்தது. துரு. விரல் வழுக்கியது. கர்த்தாவே. இழுத்தான்.

ஜெமிமா மடங்கிக் கிடந்தாள். உதடு நீலம். மூச்சில்லை. அவன் தூக்கி உலுக்கியதும் மூச்சை இழுத்தாள். நீளமாக, வெகுநாள் அடக்கி வைத்திருந்ததைப் போல. அவளை மார்போடு அணைத்துக்கொண்டு எலியாஸ் வாய்விட்டு அழுதான். உயிர் இருக்கிறது, அது போதும்.

அவள் மெல்ல அவன் கையை விலக்கினாள். அவன் தோளுக்கு மேலாக முன்அறையைப் பார்த்தாள்.

“இன்னாடா எலி,” என்றாள். “என் ப்ளேன ஒட்டி முடிச்சிட்டியா?”

தெருவில் பம்பை ஒரு கணம் ஓய்ந்தது. முன்அறையில் டொக், டொக் என்று மிகச் சின்னச் சத்தம். எலியாஸ் திரும்பினான். கண்ணாடி மூடி மறுபடி வெள்ளையாகப் பனித்திருந்தது. உள்பக்கத்தில் கடுகளவு இரண்டு உள்ளங்கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

“நைனா” என்று ஒரு தடவை கேட்டது. அதற்குள் அடுத்த காவடி வந்துவிட்டது.