மேற்கே போன விமானம்

பூட்டியிருந்த தலைவரின் அறைக்குள்ளிருந்து ஈர இலை அழுகும் வாடை வந்தது. பினாயில் போட்டுத் துடைத்த தரை, நாள் முழுக்க ஓடும் ஏசி, ஒரு பூந்தொட்டிகூட இல்லாத மூன்றாவது மாடி. இங்கே இலை எங்கிருந்து வரும் என்று செயலாளருக்குப் பிடிபடவில்லை.

தலைவர் சின்ன விமானத்தோடு காணாமல் போய் இன்று ஒன்பதாம் நாள். மாலை ஐந்து மணிக்குத் தேடுதலை நிறுத்துகிறார்கள். கடலில் ஒரு திருகாணிகூடச் சிக்கவில்லை. எப்படிச் சிக்கும்? விமானம் போனது மேற்கே, மலைக்காட்டுக்கு. அங்கே ஒரு வீடு, வீட்டில் ஒருத்தி. போகும் பாதையைப் பதிவு செய்யாமலே தலைவர் கிளம்பியிருந்தார். முதல் நாள் தேடுதல் அதிகாரி கேட்டதும், "கிழக்கே, தீவுல கட்சிக் கூட்டம்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். தலைவர் இருக்கும் இடத்தை மாற்றிச் சொல்லியே பன்னிரண்டு வருஷம் சோறு தின்ற வாய், பழக்கதோஷத்தில் தன் வேலையைப் பார்த்துவிட்டது. மறுநாள் திருத்தியிருக்கலாம். பயம். அந்த மலைவீட்டுக்காரி மட்டும் யாரிடம் போய்க் கேட்பாள்?

எதிரே தலைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அவரு எங்கயோ உயிரோட இருக்காருன்னு மனசு சொல்லுது. உங்களுக்கு வேற ஏதாவது தெரியுமா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் அண்ணி."

சொல்லும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது. பூட்டிய அறைக் கதவுக்குப் பின்னால் துணி படபடத்தது. நின்றது. மறுபடி படபடத்தது. அழுகல் வாடையோடு இப்போது கருகிய எண்ணெய் நெடியும் சேர்ந்துகொண்டது.

போன் அடித்தது. அதிகாரி.

"கடைசியா ஒரு தடவை கேக்குறேன் சார். கிழக்குதானே? இல்லன்னா இப்பவே சொல்லுங்க. ஹெலிகாப்டர் தயாரா இருக்கு."

மேற்கு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழக்குதான்."

படபடப்பு வேகமெடுத்தது.

"உள்ள யாரு தம்பி?" என்றார் அண்ணி.

அவருக்கும் கேட்கிறது. செயலாளர் எழுந்தார். சாவி வழுக்கியது. கதவு திறந்தது.

தரை முழுக்கச் சேறு. மேசைக்காலில் சாய்ந்து தலைவர். ஒன்பது நாள் தாடி. வெடித்த உதடு. முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகத் திரும்பிய கால்.

அவர் செயலாளரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, கழற்றிய வெள்ளைச் சட்டையை ஒற்றைக் கையால் கூரையை நோக்கி, மேலே பறக்கும் எதற்கோ காட்டுவதுபோல, ஆட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல். பின்னால் அண்ணியின் செருப்புச் சத்தம் நெருங்கியது.