அறைச் சூட்டுக்குக் கீழே

மே மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வானத்தில் மேகமில்லை, காற்று அறவே இல்லை, பிற்பகலில் வீட்டிற்குள்ளேயே வெப்பம் முப்பத்து நான்கு டிகிரியாக இருந்தது.

அத்தகைய வேளையில், இயல்பான வேகத்துக்கு மிக அப்பால் விரட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பிராசசர், தன் வெப்பம் முப்பத்தொன்று என்று திரையில் காட்டியது.

கணினிக்கு உரியவரான கணக்குத் தணிக்கையாளர் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் பார்த்தார். முப்பத்தொன்றுதான். காய்ச்சிய இரும்பை எத்தனை நேரம் விசிறினாலும் அது அறையின் சூட்டுக்குக் கீழே இறங்காது. காற்றால் குளிர்விக்கப்படும் கணினிக்கும் விதி அதுவே. இதனை அறியாதவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அலுவலகத்தில் பிறர் எழுதிய கணக்குகளில் பிழை கண்டுபிடிப்பது அவருக்குத் தொழில். வீட்டில் பிறரிடமே பிழை கண்டுபிடிப்பது பொழுதுபோக்கு. தம்மைத் தவிர உலகத்தார் யாவரும் அரைவேக்காடுகள் என்பது அவர் நெடுங்காலத்துக்கு முன்பே கையொப்பமிட்டு முடித்துவிட்ட அறிக்கை.

ஆகவே, விதி பொய்த்தது என்று அவர் அஞ்சவில்லை. தம் திறமைக்கு விதி வழிவிட்டது என்றே கொண்டார்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஒரு போட்டி முடிவடையவிருந்தது. வீட்டுக் கணினியை ஓவர்க்ளாக் செய்வோர், அதாவது அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டுவோர், இணையத்தில் கூடி, யாருடைய இயந்திரம் அதிவேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் போட்டி அது. பரிசு ஒன்றுமில்லை. முதலிடத்தில் அவர் மனைவியின் தம்பி இருந்தான். கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவனுக்குக் ‘குறடு’ என்று பெயர் சூட்டியவர் தணிக்கையாளரே. பேன் பார்க்கச் சொன்னால் காதை அறுக்கிற அந்தப் பயலுக்குக் கீழே தம் பெயர் கிடப்பதைக் காணும்போதெல்லாம் அவருக்கு உணவு செரிப்பதில்லை. அதற்காகவே பிராசசரைக் குளிர்விக்கும் புதிய கூலர் ஒன்றை வாங்கிக் காலையில் அவசர அவசரமாகப் பொருத்தியிருந்தார்.

அவர் வேகத்தை ஒரு படி உயர்த்தி, வோல்டேஜையும் சிறிது கூட்டினார். விசிறியின் இரைச்சல் தடித்தது. சூடேறிய தூசியின் மணத்தோடு, இன்னதென்று சொல்லவியலாத, கருகிய முடியை ஒத்த வேறொரு மணமும் மெல்ல எழுந்தது. எண் இருபத்தாறுக்கு இறங்கியது.

மேசை நின்ற சுவருக்கு அப்பால் படுக்கையறை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, உடல் கணகணக்கிறதென்று பாதி வேலையில் திரும்பிவந்து அங்கே படுத்திருந்தாள். போர்வையை உதறும் ஓசை கேட்டது. பிறகு அவள் குரல்.

“என்னங்க, அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன். நீங்க ஒவ்வொரு தடவை தட்டும்போதும் எனக்கு உடம்பு கொதிக்குது.”

“நடுவுல சுவர் இருக்கு. சூடு என்ன உன் தம்பியா, கூப்பிடாமலே வீட்டுக்குள்ள வர?”

தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டுகிறது என்றாள் அவள்.

“கடையில விலைபோகாததைத்தானே வீட்டுக்குத் தூக்கிட்டு வருவ? அது எதைத்தான் சரியா காட்டும்?”

இவ்வாறு கூறிவிட்டு அவர் தம்முடைய சென்சார் காட்டிய எண்ணை வாஞ்சையோடு நோக்கினார். அறையைவிடக் குளிர்ந்திருப்பதாகச் சொல்லும் அந்த எண்ணில் அவருக்கு ஐயமே எழவில்லை. மாறாக, திரையைப் படமெடுத்துக் குறடுக்கு அனுப்பினார். அவன் உடனே அழைத்தான்.

வாழ்த்தை எதிர்பார்த்திருந்தவருக்கு வந்ததோ அறிவுரை. இயந்திரத்தை நிறுத்திவிடும்படி அவன் இருமுறை வேண்டினான். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்றும் இடையே கேட்டான். அவர் பேச்சைப் போட்டிப் பட்டியலுக்குத் திருப்பினார்.

“மாமா, சூட்டை அழிக்க முடியாது. இடம் மாத்தத்தான் முடியும். உங்க மெஷின்ல இருந்து அது எங்கயோ போகுது. எங்க போகுதுன்னு பாருங்க.”

“உன் வயித்தெரிச்சல்லதான் வந்து சேருது, மச்சான்” என்று அழைப்பைத் துண்டித்தார்.

ஆயினும் அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. கத்துக்குட்டியின் வாயை அடைக்கவேனும், ஓடும் நிலையிலேயே இயந்திரத்தின் உட்புறத்தைப் படமெடுக்க எண்ணிப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். விளக்கை அடித்துக் குனிந்தார். கூலருக்கும் பிராசசருக்கும் இடையே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சிவப்பு எழுத்துகள். பொருத்துவதற்கு முன் உரித்தெடுக்கவும்.

புதிதாகக் கணினி பூட்டுவோர் செய்யும் பிழை அது. அதைச் செய்தவர்களைப் பற்றி அவர் எத்தனை விருந்துகளில் எள்ளி நகையாடியிருக்கிறார்! அவமானத்தில் அவர் காது மடல்கள் சிவந்தன. அவமானம் அடங்கிய பின்னரே அச்சம் வந்தது.

தாள் உரிக்கப்படவில்லை. அப்படியானால் கூலர் பிராசசரைத் தொடவே இல்லை. வெப்பம் நூறைத் தாண்டி, இயந்திரம் தானாகவே அணைந்திருக்க வேண்டும். தாளின் ஓரம் சுருங்கக்கூட இல்லை.

விரலை நீட்டிப் பிராசசரின் உலோக விளிம்பைத் தொட்டார். கிணற்றடிக் கல்லைப்போல் குளிர்ந்தது.

சூட்டை எடுத்துக்கொண்டிருப்பது கூலர் அன்று. வேறொன்று.

“என்னங்க” என்றது சுவர்ப் பக்கத்துக் குரல். ஈரம் முற்றும் வற்றிய குரல். “தண்ணி... கொஞ்சம்...”

அவர் எழுந்தார். எழுந்தவரின் பார்வை திரையில் விழுந்தது. குறடு இன்னும் முதலிடத்தில். ஆறு மணியாகச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. ஒரே ஒரு படி. உயர்த்திவிட்டுத் தண்ணீர் கொண்டுபோகலாம். ஐந்து நிமிடத் தாகத்தால் எவரும் செத்துவிடுவதில்லை.

நின்றபடியே விசையைத் தட்டினார்.

சுவருக்கு அப்பால் ஏதோ ஒன்று கட்டிலில் ஒருமுறை துள்ளி விழுந்தது.

எண் இறங்கியது. பதினெட்டு. பதினொன்று. நான்கு. அது சுழியத்தையும் தாண்டி இறங்க, கூலரின் உலோகத் தகடுகளில் வெண்பனி பூத்தது. பட்டியலில் குறடின் பெயர் கீழே நழுவி, அவர் பெயர் உச்சிக்கு ஏறியது. அவர் சிரிக்க வாய் திறந்தார். வாயிலிருந்து புகை வந்தது. மே மாதத்தில், அவருடைய மூச்சு பனிப்புகையாக.

அவள் கூப்பிடவில்லை.

“ஏய்” என்றார். சுவரில் கை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கை பொத்துப்போயிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. விசிறியின் இறகுகள் தளர்ந்தன. தயங்கின. நின்றன.

இரைச்சல் நிற்கவில்லை.

அதே சீரான இரைச்சல். சுவருக்கு அப்பாலிருந்து.

நடைவழி. கதவு. கைப்பிடி சுட்டது. சட்டை நுனியால் பற்றித் திறந்தார். கருகிய முடியின் மணம் முகத்தில் அறைந்தது.

அவள் சன்னலை நோக்கி ஒருக்களித்துக் கிடந்தாள். தலையணை உறை பழுப்பேறியிருந்தது. வாய் திறந்திருந்தது. அதிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

வெளிமூச்சு. அவர் அது முடியக் காத்திருந்தார். முடியவில்லை. உள்மூச்சு வருமென்று காத்திருந்தார். வரவில்லை. மார்பு ஏறவில்லை. இறங்கவுமில்லை. காற்று மட்டும். சூடாக. சீராக. இடைவிடாமல்.

இலைகூட அசையாத அந்த மாலையில், சன்னல் திரைச்சீலை அவள் வாய்க்கு நேராகக் கிடையாக எழுந்து நின்றது.

மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார்.

அவள் கண்கள் திரும்பி அவரைப் பார்த்தன. அறிந்தே பார்த்தன.

அவள் வாயிலிருந்து வந்த காற்று நின்று திரைச்சீலை தாழ்ந்தபோது மாலை ஆறு மணி இருபது நிமிடம்.