நீலப் படுதா

அந்தச் சந்தைக்கு வயது என்னவென்று யாருக்கும் தெரியாது. கால்கள் மிதித்து மிதித்து அதன் கருங்கற்கள் சோப்புக் கட்டிபோலத் தேய்ந்திருந்தன. கூரை கிடையாது. வெயிலுக்கு அவரவர் படுதாதான்.

அப்பாவின் தையல் கத்தரிக்கோலைச் சாணைக்காரரிடமிருந்து வாங்கி வரத் தையற்காரரின் மகள் வந்திருந்தாள். கூடவே தம்பி. வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் 'சொன்னபடி'. "பாலைப் பார்த்துக்கோ" என்று அம்மா சொன்னதற்காக, அது பொங்கி வழிந்து அடுப்பு அணையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தவன்.

சாணைச் சக்கரத்தில் தீப்பொறி பறக்கும். தம்பிக்கு அது ஆகாது. அதனால் பானைக்காரரின் கடையோரம் அவனை நிறுத்தினாள்.

"இந்த நீலப் படுதாவுக்குக் கீழயே நில்லு. நான் வர்ற வரைக்கும் வெளிய வரக்கூடாது."

கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பியபோது படுதா இல்லை. பானைகள் இல்லை. தம்பியும் இல்லை.

பக்கத்தில் துடைப்பம் விற்கும் அக்காவிடம் கேட்டாள். என்ன நிறச் சட்டை என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்பா தைத்த சட்டைதான். நிறம் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"காலையிலேர்ந்து எத்தனையோ பிள்ளைங்க போகுதுங்க. நான் துடைப்பத்தைப் பார்ப்பேனா, பிள்ளைங்களைப் பார்ப்பேனா?"

வேறு பிள்ளையென்றால் மிட்டாய்க் கடையில் தேடலாம், கிளிக்கூண்டுப் பக்கம் தேடலாம். இவன் 'சொன்னபடி' ஆயிற்றே.

கேள்வியை மாற்றினாள்.

"அக்கா, பானைக்காரர் எந்தப் பக்கம் போனாரு?"

இதற்கு உடனே பதில் வந்தது. சரக்கெல்லாம் விற்றுவிட்டதாம். வண்டிகள் நிற்கும் திடலுக்கு இப்போதுதான் போனாராம்.

கையில் கத்தரிக்கோல் இருந்ததால் அவள் ஓடவில்லை. ஆனால் அவ்வளவு வேகமாக அவள் நடந்ததே இல்லை.

திடலின் ஓரத்தில் பானைக்காரர் காலிக் கூடைகளோடு போய்க்கொண்டிருந்தார். அவர் பின்னால், மடித்த நீலப் படுதா இரண்டு சின்னக் கால்களில் நடந்துகொண்டிருந்தது.

"டேய்!"

படுதா நின்றது. அதன் அடியிலிருந்து வியர்த்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

பானைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அங்கயே நில்லுடான்னா கேட்டாத்தானே. அக்கா இதுக்குக் கீழதான் நிக்கச் சொல்லிச்சாம். வண்டியில இதைப் போட்டுட்டு நானே இவனைக் கொண்டாந்து விடலாம்னு இருந்தேன்மா."

"நான் வெளியவே வரலக்கா" என்றான் தம்பி.

திட்டத்தான் நினைத்தாள். யோசித்தால் அவன் மேல் தப்பே இல்லை. படுதாவை இறக்கி வண்டியில் வைத்தாள்.

"என் கையை விடாம வா."

அவன் விடவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், "போதும், விடுடா" என்று சொல்ல வேண்டுமென்பது அவளுக்கு நினைவு வந்தது.